வெயில் வரும்வரை

தேன் அம்மாவின் கழுத்துவரை ஏறியதும் குடம் காலியானது. குடைந்த மரத்தொட்டிக்குள் முகம் மட்டும் மேலே தெரிந்தது. தெய்லின் குடத்தின் விளிம்பை வழித்து அம்மாவின் நெற்றியில் தடவினாள்.

“உயிரோட இருந்தப்ப ஒரு சொட்டு நக்கினா கையிலயே போடுவா,” என்றார் தாய்மாமன் போர்சிங். “இப்பப் பாரு, மொத்தத்தையும் அவளே எடுத்துக்கிட்டா.”

தெய்லினுக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியில் வேறாக மாறியது.

வெள்ளைக்காரர் வாயில் சிரபுஞ்சியாகிப்போன சோராவில் மழை விடுவதாயில்லை. ஒருநாள் வெயில் அடித்தால் போதும், எரித்துவிடலாம். எலும்பைப் பொறுக்கிக் குலத்துக் கல்லறையில் பாட்டிமாரோடு சேர்க்கலாம். அது கடைசி மகளான தெய்லினின் கடமை. சேர்க்காவிட்டால் அம்மா வழி தெரியாமல் அலைவாள். அதுவரை உடம்பு அழுகாமல் தேன்தான் காவல்.

அக்கா ஸிபோன் தலையையும் முதுகையும் மூடிய மழைக்கூடையைக் கழற்றாமலே உள்ளே வந்தாள். பின்னால் வெள்ளைக்கார சாகிபின் சிப்பாய்.

“காய்ச்சல்ல செத்தவங்களை வீட்டுல வைக்கக்கூடாது. இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள எரிக்கணும், இல்ல புதைக்கணும். சாகிப் உத்தரவு,” என்றான் சிப்பாய்.

“அந்த உத்தரவை மழைகிட்டப் போடச் சொல்லு!” என்றார் மாமா.

“நான் சொல்லியாச்சு, பெரியவரே. இல்லேன்னா நாங்க தூக்குவோம்.”

ஸிபோன் மெதுவாகச் சொன்னாள்: “எங்க மிஷன் தோட்டத்துல புதைக்க இடம் கேட்டு வச்சிருக்கேன்.”

“வேதத்துல சேர்ந்தது நீ. அம்மாவா சேர்ந்தா?” என்றாள் தெய்லின்.

“அப்ப இவங்க கையில குடுக்கறியாடி? எங்க கொண்டு போடுவாங்கன்னு தெரியுமா?”

தெய்லின் மாமாவைப் பார்த்தாள். அவர் இறவாரத்திலிருந்து ஒரு விறகை எடுத்து அடுப்பில் வைத்து ஊதினார். புகைந்தது, பற்றவில்லை. மறுபடி ஊதினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“புகை,” என்றார்.

மிஷன் தோட்டத்தில் வெட்டிய குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. தேன் குடத்தாலேயே இறைத்தார்கள். ஸிபோன் ஜெபம் சொன்னாள். அம்மாவுக்குப் புரிந்திருக்காத வார்த்தைகள். மண் விழ விழச் சேறாகியது. சிப்பாய் ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

மறுநாள் காலையில் பள்ளத்தாக்கு முழுக்கப் பளிச்சென்று வெயில். மாமா வாசலுக்கு வந்தபோது தெய்லின் சிதைக்கு வைத்திருந்த விறகை முற்றத்தில் பரப்பிக்கொண்டிருந்தாள்.

“இப்ப எதுக்குடி?”

“அம்மா பாட்டிமாரோட சேரணும்ல,” என்றாள் நிமிராமலே. ஒரு கட்டையைப் புரட்டி, ஈரப் பக்கத்தை வெயிலுக்குக் காட்டி வைத்தாள்.