தீவில் வைக்காத சோறு

வேப்பந்தட்டையில் எங்கள் வீட்டில் ஆடி அமாவாசையன்று காக்கை சோறு எடுத்த பிறகுதான் யாரும் சாப்பிடுவோம். கூலிக்குப் போன காலத்திலும் என் அப்பா இதில் தவறியதில்லை. இப்போது அவருக்குப் படைப்பது என் பொறுப்பு. ஸ்டாக்ஹோமில் மகள் வீட்டில் இருந்தாலும் அது மாறாது.

அன்றைக்கென்று பார்த்து, கடலுக்குள் ஒரு பறவைத் தீவுக்குப் போகலாம் என்றாள் மகள் வெற்றிச்செல்வி. பறவைத் தீவில் காக்கைக்கா பஞ்சம் என்று நினைத்து, படைத்த சோற்றையும் வடையையும் சம்படத்தில் எடுத்துக்கொண்டு பட்டினியாகப் படகேறினேன்.

இறங்கியதும் தீவின் காவலர், ஒரு பெண்மணி, விதிகளைச் சொன்னார். மகள் தமிழில் எடுத்துச் சொன்னாள். பாதையை விட்டு விலகக் கூடாது. எந்தப் பறவைக்கும் தீனி வைக்கக் கூடாது. சோற்றுக்கு வரும் காக்கை வாத்துக் குஞ்சுகளையும் சேர்த்துத் தூக்கிவிடுமாம்.

மருமகன் கலைச்செல்வன் என் காதருகில் வந்தார்.

“அந்தப் பாறைக்குப் பின்னாடி ஒரு பிடி வச்சுட்டு வந்துடுங்க மாமா. யாரு பாக்கப் போறா?”

“எங்கப்பாவுக்குத் திருட்டுச் சோறா வைக்கச் சொல்றீங்க மாப்பிள்ள?”

எனக்குச் சர்க்கரை உடம்பு, ஒரு வாழைப்பழமாவது சாப்பிடச் சொல்லி மகள் கெஞ்சினாள். மறுத்துவிட்டேன். சம்படத்தைத் திறக்காமலே தீவைச் சுற்றி வந்தேன். தாய் வாத்தின் பின்னால் குஞ்சுகள் வரிசை பிசகாமல் நீந்திப் போயின. அந்தப் பெண்மணி மேல் எனக்குக் கோபம் வரவில்லை. காவல் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

மாலையில் ஊர்க் கரைக்குத் திரும்பியபோது தலை கிறுகிறுத்தது. காவலரும் அதே படகில் வந்திருந்தார். இங்கே வைக்கலாமா என்று மகளை விட்டுக் கேட்டேன். இங்கே தடையில்லை என்றார். படகுத்துறைப் பாறையில் சோற்றை வைத்துவிட்டு, அத்தனை பேரும் திரும்பிப் பார்க்க, “கா... கா...” என்று கூப்பிட்டேன்.

ஒன்று வந்து உட்கார்ந்தது. தலையும் இறக்கையும் கறுப்பு, உடம்பு சாம்பல்.

“நம்ம ஊரு காக்கா மாதிரி இல்லையே” என்றார் மருமகன்.

“தாத்தா குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுட்டு வந்திருக்காருங்க” என்றாள் மகள்.

அப்பாவை வைத்து விளையாட்டுப் பேச்சு எனக்குப் பிடிக்காது. அதட்ட வாயெடுப்பதற்குள் அது வடையைக் கவ்விக்கொண்டு பறந்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

காவலருக்கு ஒரு வடை கொடுக்கச் சொல்லிவிட்டு, அந்தப் பாறையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். சோறு ஆறிப்போயிருந்தது. ருசிக்குக் குறைவில்லை.