பொறுக்கிக் கட்டிய நாற்பது பொட்டலம்

திண்டுக்கல் கடைகளில் பிரியாணிக்கென்று விற்கிற கல்பாசி மொத்தமும் ஒரே இனம்தான் என்று அடித்துச் சொல்ல அசோக்குமாருக்கு ஆறு வருடம் பிடித்தது. கல்லூரியில் தாவரவியல் வாத்தியார். பாறையிலும் மரப்பட்டையிலும் அப்பிக்கிடக்கும் அந்தச் சாம்பல் நிறச் சருகை நாற்பது பொட்டலம் வாங்கிச் சோதித்துவிட்டார். நாளைக் காலை மதுரையில் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டால் டாக்டர் பட்டம்தான். நாற்பதும் பேகம்பூரில் ஒரே மசாலாக் கடையில் வாங்கியவை. நல்ல சரக்கு கிடைக்கிறதே என்று இன்னொரு கடைப் பக்கம் மனிதர் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

ஆய்வேட்டில் மாதிரிக்கு ஒட்ட இன்னொரு பொட்டலம் வேண்டியிருந்தது. என்றும் இல்லாத திருநாளாகக் கடை திறந்த கையோடு போய் நின்றார். எப்போதும் கட்டித் தயாராக இருக்கும் பொட்டலம் அன்று இல்லை. சரக்கு சுத்தம் பார்க்கும் காதர் பீவி கல்பாசியை முறத்தில் கொட்டி, முகர்ந்து முகர்ந்து இரண்டு குவியலாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கும்மா பிரிக்கிறீங்க? எல்லாம் ஒண்ணுதானே?"

"நல்லாச் சொன்னீக போங்க! இது வேற, அது வேற. அந்தப் பீடை கசக்கும். வாசமும் கிடையாது."

அசோக்குமாருக்குச் சிரிப்பு வந்தது. பையிலிருந்து, இனம் கண்டுபிடிக்க அவர் சொட்டுவிட்டுப் பார்க்கும் பிளீச்சிங் பவுடர் கரைசலை எடுத்தார். நல்ல குவியலில் ஒன்றை நகத்தால் சுரண்டி ஒரு சொட்டு விட்டார். நிறம் மாறவில்லை, ஆறு வருடமாகப் பார்த்ததுதான். ஒதுக்கிய குவியலில் விட்டார். குப்பென்று சிவந்தது. இன்னொன்றில் விட்டார். அதுவும் சிவந்தது. ஐயையோ, இது வேறு இனமாச்சே!

நம்ப மாட்டாமல் இரண்டையும் கலந்து நீட்டினார். காதர் பீவி கண்ணை மூடிக்கொண்டு, மூக்காலேயே செத்த நேரத்தில் பிரித்துப்போட்டாள். எல்லாவற்றிலும் சொட்டு விட்டுப் பார்த்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"என் பொட்டலத்துல இது ஒண்ணுகூட வரலையேம்மா?"

"எப்படி வரும்? மத்தவுகளுக்கு மூட்டையில இருந்து அப்படியே அள்ளிப் போடுறதுதான். நீங்க படிச்சவுக, தேடி வாரீக. உங்களுக்குன்னா நானே உக்காந்து பொறுக்கிக் கட்டிவைப்பேன். அம்புட்டுப் பொட்டலமும் என் கையாலதான் சார்!"

ஆறு வருடம் போச்சே! பைண்டு பண்ணிய ஆய்வேட்டின் நான்கு பிரதிகள் அசோக்குமாரின் தோளில் கனத்தன. பேசாமல் பஸ் ஏறிவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள் என்று ஒரு நொடி நினைத்தார். நினைத்ததற்கே வெட்கமாக இருந்தது.

"பொட்டலம் கட்டவா சார்?"

"கட்டுங்க. மூட்டையில இருந்து அப்படியே அள்ளிப் போடுங்க. நாளைக்கு நான் மதுரைக்குப் போகல. முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்."

காதர் பீவி முறத்தைக் கீழே வைத்தாள். அவள் முகம் செத்துப்போயிற்று.

"குப்பையோடவா? உங்களுக்கா? நான் என்ன சார் தப்புப் பண்ணேன்?"