கோட்டின் உட்பக்கம்

மாமனார் தொழிலால் மேஜிக்காரர். புறாவை மறைப்பார், சீட்டுக்கட்டை மறைப்பார், முப்பது வருடமாக மாமியாரையே ஒரு பெட்டிக்குள் வைத்து மறைத்துத் திரும்ப எடுத்துக் காட்டியிருக்கிறார். ஆனால் போன மாதம் பல் மருத்துவர்கள் சங்கத்துக் கூட்டத்தில் ஒரே ஒரு சத்தத்தை அவரால் மறைக்க முடியவில்லை.

மரத்தில் செய்த வெள்ளை முட்டை அவர் கையிலிருந்து காணாமல் போக வேண்டிய கட்டம் அது. அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த அமைதியில் அவருடைய கறுப்புக் கோட்டுக்குள்ளிருந்து 'சரக்' என்று ஒரு சத்தம். அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லியே பழகிய முன்வரிசை மருத்துவர் ஒருவர் அன்று தன் வாயைத் திறந்து, "கோட்டுக்குள்ள போயிடுச்சு" என்றார். சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆனது.

வீட்டுக்கு வந்த மாமனார் கோட்டைக் கழற்றி மருமகளின் தையல் மேசைமேல் போட்டார்.

"லைனிங்கை மாத்திக் கொடும்மா. சத்தம் வரக்கூடாது. அடுத்த மாசம் அதே டாக்டருங்க குடும்பத்தோட வர்றாங்க. அன்னிக்கும் சத்தம் வந்துச்சுன்னா பெட்டியை மூடிடுறேன்."

"எந்தப் பெட்டியை?" என்றாள் மாமியார் சமையலறையிலிருந்து. "நான் உள்ள இருக்கறப்ப மூடுவீங்களே, அதையா?"

வழக்கமாக இதற்கு அவர் ஒரு பதில் வைத்திருப்பார். அன்று ஆமாம் என்று தலையாட்டினார். அதுதான் மருமகளுக்கு உறைத்தது. மனிதர் நிஜமாகவே தொழிலை விடப் பார்க்கிறார்.

அவள் தையல்காரி. வீட்டின் முன்னறையில் இரண்டு மெஷின், ஒரு நீள மேசை, ஜன்னலோரம் துணி அலமாரி. கோட்டும் கவுனும் அவளுடைய தனித்துறை.

"சரி மாமா. எந்தெந்தப் பைல என்ன வைப்பீங்கன்னு மட்டும் சொல்லிடுங்க."

"அதைச் சொன்னா நான் மேஜிக்காரன் இல்லம்மா. உங்க அத்தைக்கே சொன்னதில்ல."

"பெட்டிக்குள்ள நடக்கறது மட்டும்தான் எனக்குத் தெரியும்," என்றாள் மாமியார். "மத்ததுக்கெல்லாம் நானும் ஜனத்தோட சேந்து கைதட்டுறதுதான்."

"கேள்வி கேக்காம தைச்சுக் கொடும்மா," என்று மாமனார் உள்ளே போய்விட்டார். எங்கே வலிக்கிறது என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஆபரேஷன் கச்சிதமாக இருக்க வேண்டும் என்கிற ரகம்.

மறுநாள் காலை அவள் கோட்டின் உள்துணியான லைனிங்கைத் தையல் தையலாகப் பிரித்தாள். சத்தத்துக்குக் காரணம் உடனே தெரிந்தது. டஃபேட்டா துணி. பளபளவென்று விறைப்பாக நிற்கும், அசைந்தால் காகிதத்தைக் கசக்கினாற்போல் கத்தும். யாருமே பார்க்கக் கூடாத இடத்துக்குப் பளபளப்பு பார்த்துத் துணி எடுத்த புண்ணியவான் யாரோ!

துணி மாற்றினால் வேலை முடிந்தது என்று நினைத்து, பழைய லைனிங்கை அளவெடுக்க ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பிடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

நெய்த துணி எதற்கும் இரண்டு நூல். கரையோடு நீளவாக்கில் ஓடுவது ஒன்று, அதற்குக் குறுக்கே போவது ஒன்று. இந்த இரண்டு வாக்கிலும் துணியை எவ்வளவு இழுத்தாலும் அசையாது. மூலைவாட்டில் இழுத்தால் மட்டும் ரப்பர்போல் வளைந்து கொடுக்கும். தையல்காரர்கள் அதைக் கிராஸ் என்பார்கள். நேராக வெட்ட வேண்டியதைக் கிராஸில் வெட்டினால் கோட்டு ஒரு பக்கம் தொங்கும். இதை அவள் வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் பொறுமையாக விளக்குவாள். அவர்களும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பட்டன் என்ன கலர் என்பார்கள்.

புதுத் துணியில் இந்த நூல்கள் கட்டம்போட்ட நோட்டுப் புத்தகம் மாதிரி இருக்கும். மாமனாரின் லைனிங்கில் பதினொரு பைகள். ஒவ்வொன்றைச் சுற்றியும் கட்டங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. சாய்ந்த திசையைப் பார்த்தால் கை போன திசை தெரிந்தது. இங்கே கீழிருந்து மேலே, இங்கே பக்கவாட்டில், இங்கே இரண்டு விரல் மட்டும். சீட்டுக்கட்டின் முனை பட்டுப் பட்டு ஓரிடம் தேய்ந்திருந்தது. கைக்குட்டை உருவிய வழி மெருகேறியிருந்தது. புறாவின் நகம் இழுத்த இழைகள்கூட இருந்தன.

ஒரு மணி நேரத்தில் முப்பது வருடத் தொழில் முழுவதும் மேசைமேல் விரிந்து கிடந்தது.  கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எத்தனையோ காட்சி பார்த்திருக்கிறாள். அவர் கோட்டுக்குள் கை விட்டதை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. இத்தனை ஆயிரம் தடவை போய் வந்திருக்கிறது அந்தக் கை!

பிறகுதான் இடது பக்கத்தைக் கவனித்தாள்.

முட்டை வடிவில் பிதுங்கியிருந்த பை இடது பக்கத்தில், இடது கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. அதன் வாய்க்குக் கீழே மட்டும் சின்னச் சின்னதாக நூல் கிளம்பியிருந்தது. முட்டை வாயைத் தவறவிட்டு, கீழே மோதி, மறுபடியும் மோதிய தடம். தேய்மானம் பழையதல்ல, புதுசு. வலது பக்கத்தில், அவள் எண்ணாமல் விட்ட பன்னிரண்டாவது பை ஒன்று. தையல் கோணல்மாணல், நூலின் கறுப்பும் வேறு. முட்டையை இந்தப் பக்கம் மாற்றிக்கொள்ள மாமனாரே ஊசி பிடித்திருக்கிறார். அதைச் சுற்றி டஃபேட்டா கிழியும் நிலையில் இருந்தது.

சாயங்காலம் தேநீர் கொடுக்கும்போது பார்த்தாள். வலது கையால் வாங்கினார். இடது கை மடிமேல் கிடந்தது. சட்டைப் பட்டன் கழன்றிருந்ததைச் சொன்னதும் வலது கையாலேயே அரை நிமிடம் போராடிப் போட்டார். பிஸ்கட் தட்டு இடது பக்கம் இருந்தது. அவர் பிஸ்கட்டே சாப்பிடவில்லை.

அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. துணிதான் பேசிவிட்டதே, இனி பதிலும் துணியில்தான்.

முதலில் லைனிங். பாலியஸ்டர் வழுக்கும், ஆனால் சட்டையோடு ஒட்டிக்கொண்டு படபடக்கும். பருத்தி சத்தம் போடாது, முட்டையையும் விடாது. பட்டு நல்லதுதான், கசங்கும்போது அதுவும் கிசுகிசுக்கும். ஒவ்வொரு துண்டையும் கண்ணை மூடிக்கொண்டு காதருகே தேய்த்துப் பார்த்தாள்.

"என்னடி, துணி ஏதாச்சும் புரளி பேசுதா?" என்றாள் மாமியார்.

"பேசாத துணியாத் தேடறேன் அத்தை."

"கெடைச்சா உங்க மாமாவுக்கு வாயில ஒண்ணு தைச்சுக் கொடு. எதையும் சொல்லாத மனுஷன், தூக்கத்துல மட்டும் கூட்டத்துக்கு வணக்கம் சொல்றார்."

கடைசியில் கிடைத்தது ரேயானில், வழுவழுப்பான சாட்டின் நெசவு. காதருகே தேய்த்தால் காது கேட்கிறதா என்றே சந்தேகம் வரும். உடம்புப் பகுதியை நேர் நூலில் வெட்டி, முதுகு நடுவில் ஒரு மடிப்பு விட்டாள். கையை எவ்வளவு தூக்கினாலும் இனி உள்ளே இழுக்காது.

அடுத்தது முட்டைப் பை. வலது கைக்கு மேடையில் வேறு வேலை இருந்ததால் அதை மறுபடி இடது பக்கத்துக்கே கொண்டு போனாள், கிராஸில் வெட்டினாள். இடது கையில் அடுப்படிக் கையுறையை மாட்டிக்கொண்டாள். சொன்ன பேச்சைக் கேட்காத விரல்களுக்கு அவளிடம் இருந்த ஒரே மாற்று அதுதான். முட்டையை அழுத்தினாள். உள்ளே போனது, குனிந்ததும் பொத்தென்று விழுந்தது. கூடவே கோட்டின் முன்பக்கம் ஒரு சாண் தொங்கியது.

இரண்டாவது பை, மூன்றாவது பை. நான்காவதில் வாயைக் குறுக்கி, பையின் எடையை லைனிங் சுமக்காதபடி நேர் நூலில் வெட்டிய ஒரு பட்டியைத் தோள் தையல்வரை கொண்டு போனாள். கையுறையோடு முட்டையை லேசாக ஒட்டினாள். துணி மூலைவாட்டில் விரிந்தது, முட்டையை வாங்கியது, வாயை மூடிக்கொண்டது. விரல் எதுவும் செய்யவில்லை. சத்தம் இல்லை.

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பத்து வருடமாக வெட்டுகிற துணி. அதற்கு இதெல்லாம் தெரியும் என்று அவளுக்குத் தெரியாது. எழுந்து நாற்பது தடவை செய்து பார்த்தாள், வேலைக்காகக் கொஞ்சம், ஆச்சரியத்துக்காக மீதி.

வியாழக்கிழமை மாமனார் கோட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். வெகுநேரம் கழித்து வெளியே வந்தார்.

"இடது பக்கம்..."

"அளவு சரியில்லையா மாமா?"

"நான் உங்கிட்ட ஒண்ணும் சொல்லலயே."

"நீங்க சொல்லல. பழைய லைனிங் சொல்லிச்சு."

அவர் அவளையே பார்த்தார். மேடையில் இருப்பவரைக் கீழே இருப்பவர்கள் பார்க்கிற பார்வை அது. அவர் முகத்தில் அதை அவள் பார்த்ததே இல்லை.

"எப்படித் தானா மூடிக்குது?"

"அதைச் சொன்னா நான் தையல்காரி இல்ல மாமா."

அவர் சிரித்தார். ஒரு மாதத்தில் முதல் சிரிப்பு. அவள் சிரிக்கவில்லை. "கையை டாக்டர்கிட்ட காமிச்சீங்களா?"

"பல் டாக்டர்கிட்டயா?"

"மாமா."

"ரெண்டு விரல் மரத்துப் போயிருக்கு. உங்க அத்தைக்குத் தெரிஞ்சா..."

"திங்கக்கிழமை போறோம். அத்தையும் வருவாங்க. நீங்களே சொல்லிடுங்க."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவர், கோட்டின் இடது மார்பைத் தடவிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

சனிக்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது. அன்று பெட்டி வித்தை முதலிலேயே முடிந்துவிட்டதால் மாமியார் மருமகளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். அதே மருத்துவர் அதே முன்வரிசையில், இந்த முறை மனைவிக்குக் காட்டுவதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்திருந்தார்.

மாமனார் முட்டையை எடுத்தார்.  எந்த இழை எங்கே விரியும் என்பதுவரை தெரிந்தவள் மருமகள். இடது பக்கத்தை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது என்று உறுதியாக இருந்தாள். மாமனார் வலது கையை மெல்ல உயர்த்தினார். அவள் இடது பக்கத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டிருப்பதாகத்தான் நினைத்தாள்.

இரண்டு கையும் விரிந்திருந்தது. இரண்டும் காலி.

ஒரு சத்தம் இல்லை. மருத்துவரின் வாய் திறந்தபடியே நின்றது, அதிலிருந்து எதுவும் வரவில்லை. அரங்கம் எழுந்து கைதட்டியது. மேடையில் மாமனார் இரண்டு கைகளையும் இன்னும் இறக்கவில்லை.

மாமியார் அவள் கையைப் பிடித்தாள். "எங்கடி போச்சு?"

மருமகள் கூரையைப் பார்த்தாள், நாற்காலிக்குக் கீழே பார்த்தாள்.

"தெரியல அத்தை," என்றாள். அந்த நொடியில் அது சத்தியம்.