மணமக்கள் அறையில் ஒரு துளை

சுயிங்குக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. வடகிழக்குச் சீனாவின் மூதான்ஜியாங்கில் அவள் குடியிருந்த பழைய கட்டிடத்துக்கு, குளிர்காலத்தில் வீடுகளைச் சூடாக்கும் புது வெந்நீர்க் குழாய் போட்டுக்கொண்டிருந்தார்கள். அடித்தளத்தில் கிளம்பிய குழாய் வீட்டுக்கு வீடு தரையைத் துளைத்து ஏறி, இரண்டாம் மாடியோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் குய்ஹுவாவின் வீடு. அதற்கும் மேல், கடைசியாக, சுயிங்கின் வீடு.

குய்ஹுவா மசியவில்லை. மகனுக்குப் பதினெட்டாம் தேதி கல்யாணம். குழாய் ஏறவேண்டிய மூலையறைதான் மணமக்களுக்கு. சுவரில் சிவப்புத் தாளில் இரட்டை மங்கல எழுத்து ஒட்டியாயிற்று. ஒட்டின பிறகு ஒரு மாதத்துக்கு அங்கே சுத்தியல் சத்தம் கேட்கக்கூடாது என்பது ஐதீகம். போதாக்குறைக்கு, மகன் தரைக்கடியில் மின்சாரச் சூடு போட்டிருந்தான். குழாயே அவளுக்குத் தேவையில்லை.

“இருபதாந் தேதி தண்ணி விட்ருவாங்கம்மா” என்றார் மேஸ்திரி ஹாவ். “அப்புறம் குழாய வெட்டி ஒட்ட முடியாது. அடுத்த வருசந்தான்.”

அடுத்த வருஷம்வரை தேஷுன் தாங்கவேண்டுமே. பக்கவாதத்தில் கால் விழுந்துபோன அவள் கணவன் போன குளிர்காலத்தை மூன்று பஞ்சுப் போர்வைக்குள் கழித்தான். ஜன்னலின் உட்புறமே பனி கட்டியது. இன்னொரு முறை அப்படிக் குளிரில் கிடந்தால் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

கீழே போய்க் கேட்கலாம். எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? போன வருஷம் கோஸ் புளிக்கவைக்கும் பெரிய ஜாடியைக் குய்ஹுவா மாடிப்படியில் வைத்தபோது, நாறுகிறது என்று குடியிருப்புக் கமிட்டிக்கு எழுதிப்போட்டு எடுக்கவைத்த புண்ணியவதி இதே சுயிங்தான். வீட்டுக்குள் மின்சாரச் சூட்டில் ஜாடி முழுக்க அழுகிப்போயிற்று. அன்றோடு பேச்சும் நின்றது.

பதினாறாம் தேதி காலையில் மேஸ்திரி சாமான்களைக் கட்ட ஆரம்பித்தார். சுயிங் போய்க் குய்ஹுவாவின் கதவைத் தட்டினாள். திறந்தது, அறையைப் பார்க்க வந்திருந்த மணப்பெண் மான்லி.

“என்ன பெரியம்மா?”

சுயிங் வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. விஷயத்தைப் பின்னாலேயே வந்த மேஸ்திரி சொன்னார்.

“என் கோஸ் அழுகினப்ப இந்த அழுகை எங்க போச்சாம்?” என்று உள்ளேயிருந்து குய்ஹுவா கேட்டாள்.

“தப்புதான் குய்ஹுவா. நான் செஞ்சது தப்புதான்.”

மான்லி அறைக்குள் போய், மூலையில் இருந்த சிவப்புத் தாளை நகத்தால் நெம்பிக் கிழியாமல் உரித்தாள்.

“அடிப்பாவி, ஒட்டினத உரிக்கலாமா?”

“நான்தான் இன்னும் குடிவரலையே அத்தை. இன்னைக்குத் துளைச்சா அது வீட்டு வேலை. நான் வந்தப்புறம் துளைச்சாத்தான் அபசகுனம். என் தலைக்கு மேல ஒருத்தர் நடுங்கிட்டுக் கிடந்தா எனக்கு எப்படித் தூக்கம் வரும்?”

குய்ஹுவா அவள் கையிலிருந்த தாளை வாங்கிப் பத்திரமாக வைத்தாள். பிறகு பழைய விரிப்பை எடுத்துப் புதுக் கட்டிலைத் தானே மூடினாள்.

“உச்சிப்பொழுதுக்குள்ள முடிக்கணும் மேஸ்திரி. ஒரு பொட்டுத் தூசி கட்டில்ல விழுந்துச்சு, உங்களைச் சும்மா விடமாட்டேன்.”

சுயிங் மேலே ஓடினாள். அவள் வீட்டுத் தரை அதிர்ந்தது, விரிசல் விட்டது, பொத்துக்கொண்டது. அந்த ஓட்டை வழியாகக் குய்ஹுவா மேஸ்திரியைத் திட்டுவது கணீரென்று கேட்டது. வாழ்நாளில் அவ்வளவு இனிமையான வசவை அவள் கேட்டதில்லை. உரித்த தாளைக் குய்ஹுவா அன்றே புதுக் குழாயின்மேல் ஒட்டிவிட்டாள்.

இருபதாம் தேதி, புதுக் குழாயோடு சுவரோரம் மாட்டியிருந்த ரேடியேட்டர் களகளவென்றது. சுயிங் அதன் மூலைத் திருகைத் திறந்துவிட்டாள். காற்று சீறி ஓய்ந்து வெந்நீர் தெறித்தது. தேஷுனின் நாற்காலியை அதனோடு ஒட்டிப் போட்டு அவன் பாதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அவன் கண் நிறைந்துவிட்டது.

மறுநாள் கீழ்வீட்டு ஜாடியைப் புது மாப்பிள்ளையை விட்டு மேலே தூக்கிவரச் செய்தாள்.

“என் வாசல்ல வெய்யி குய்ஹுவா. இந்த மாடிப்படி ஜன்னல் குளிர்காத்துக்கு நல்லாப் புளிக்கும்.”

“நாறுமே. கமிட்டிக்கு எழுத மாட்டியா?”

“எனக்கு எழுத்தே மறந்துபோச்சு.”

பத்து நாளில் வாசல் நாறத்தான் செய்தது. சுயிங் எழுந்து கதவை அழுத்திச் சாத்தினாள்.

தேஷுன் சிரித்தான். “என்ன, நாத்தம் தாங்கலையா?”

“அதுக்கில்ல. நம்ம சூடு பட்டா அவ கோஸ் அழுகிடும்.”