சட்டையின் இடது பக்கம்

நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும், இந்தக் கோடையில் என் பாத்தியில் உப்பு விளையாமல் போகட்டும். எனக்குச் சொந்தப் பாத்தி கிடையாது. ஆனாலும் சத்தியம் சத்தியம்தான்.

மரக்காணம் உப்பளத்தில் எங்களோடு வெற்றுடம்பாக உப்பு வாரிக்கொண்டிருந்த ஆதிமூலம், ஒரு பங்குனி மாதம் திடீரென்று முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்தான். கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டிருப்பான். கேட்டால், வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றான். அந்த உப்பளத்தில் முப்பது வருடமாக ஒத்துக்கொண்ட வெயில்தான்.

வேர்வையும் உப்புத் தண்ணீரும் ஏறி ஏறி அந்தச் சட்டை பலகையாகிவிட்டது. ஒதுக்குப்புறமாகப் போய் வேறு சட்டை மாற்றிக்கொண்டு, இதை வரப்பில் வைத்தால் தானாக நிற்கும். ஒரு நாள் மறந்துவிட்டுப் போய்விட்டான். மறுநாள் அவனுக்குக் காய்ச்சல், வேலைக்கு வரவில்லை. மேஸ்திரி அப்பாதுரை தூரத்திலிருந்து சட்டையைப் பார்த்து ஆஜர் போட்டுவிட்டார்.

"டேய் ஆதிமூலம், நின்னுக்கினே இருக்கியே, உப்புப் பலகைய இழுடா" என்று அதட்டவும் செய்தார். சட்டை பதில் பேசவில்லை. ஆதிமூலமும் பதில் பேசுகிற ஆள் இல்லை என்பதால் அவருக்குச் சந்தேகம் வரவில்லை.

சட்டையைத் துவைப்பது அவன் மனைவி அம்சவல்லி. முதலில் கல்லால் தட்டி உடைத்து, பிறகு ஊறவைப்பாள். அப்படி உடைக்கும்போதுதான் பார்த்தாள். இடது மார்பில், சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு சிவப்புக் கறை. துவைத்தால் போனது. மறுநாள் அதே இடத்தில் மறுபடியும் இருந்தது. எவளோ நெற்றியைச் சாய்க்கிறாள் என்று அம்சவல்லி முடிவு கட்டினாள். பக்கத்துப் பாத்தியில் உப்புச் சுமக்கும் மாரியம்மாளுக்குப் பெரிய சிவப்புப் பொட்டு. சட்டையை எடுத்துக்கொண்டு நேராக உப்பளத்துக்கு வந்துவிட்டாள்.

"ஏன்டி, உன் பொட்டு எதுக்கு எம் புருசன் சட்டையில இருக்குது?"

மாரியம்மாள் தலைச்சுமையை இறக்காமலே பார்த்தாள். "நான் வெக்கறது ஸ்டிக்கர் பொட்டுக்கா. ஒட்டுனா ஒட்டும், இல்லன்னா உழும். கறையெல்லாம் உடாது. உம் புருசன் மேல சாயறதுக்கு நான் உப்புக் குமி மேல சாஞ்சிக்குவேன்."

பிறகு கூடையை இறக்கிவிட்டு, சட்டையை வாங்கித் திருப்பினாள். "இத பாருக்கா. உள்பக்கம்தான் கறை ஜாஸ்தியா இருக்குது. அவ சட்டைக்குள்ள பூந்தா பொட்டு வெச்சா?"

இரண்டு பேரும் ஆதிமூலத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் ஓடினான். போட்டிருந்த சட்டை மடங்காததால் கையை வீசி ஓட முடியவில்லை. இல்லாவிட்டால் அனுமந்தை வரை போயிருப்பான். வரப்பிலேயே பிடித்தார்கள். பொத்தான் கழலவில்லை, சட்டையைத்தான் உடைத்தார்கள்.

இடது காம்பு உள்ளே இழுத்துக்கொண்டு குழியாகக் கிடந்தது. அதற்கடியில் புளியங்கொட்டை மாதிரி ஒரு கட்டி. குழியோரம் ரத்தம் கசிந்திருந்தது.

"எப்போலேர்ந்து?" என்றாள் அம்சவல்லி.

"தை மாசம். வலிக்கல."

"வலிக்கலன்னா சொல்ல மாட்டியா?"

"பொம்பளைங்களுக்கு வர்ற எடத்துல வந்துருக்குது. எங்க போயி காட்டறது? அப்பாதுரைக்குத் தெரிஞ்சா ஜாக்கெட் தச்சித் தர்றேம்பாரு."

அம்சவல்லி உடைந்த சட்டைத் துண்டுகளைப் பொறுக்கினாள். "எவளாச்சும் இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றாள்.

புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மார்பகப் பிரிவில் பெஞ்சு முழுக்கப் பெண்கள். நர்ஸ் அம்சவல்லியிடம் பேர் கேட்டாள்.

"எனக்கு இல்லம்மா, இவருக்கு."

பெஞ்சில் இருந்தவர்கள் ஒன்றும் கேட்காமல் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டார்கள்.

டாக்டரம்மா சோதனையெல்லாம் முடித்துவிட்டுச் சொன்னார்: "ஆம்பளைக்கும் மார்ல புத்து வருங்க. இந்தப் புத்து வர்ற நூறு பேர்ல ஒருத்தர்தான் ஆம்பளை, ஆனா வரும். வலியில்லாத கட்டி, காம்பு உள்ள போறது, ரத்தம் கசியறது, எது ஒண்ணு தெரிஞ்சாலும் உடனே வந்து காட்டணும். நல்லவேளை, இன்னும் பரவல."

ஆபரேஷன் முடிந்து, அடுத்த மாசியில் ஆதிமூலம் வெற்றுடம்போடு உப்பளத்துக்குத் திரும்பினான். இடது பக்கம் நீளமாகத் தையல் கோடு. அதைப் பார்த்த பிறகு எங்களுக்கெல்லாம் பயம் பிடித்தது. தினமும் காலையில் வரப்பில் வரிசையாக நின்று அவரவர் மார்பை அவரவரே தடவிப் பார்த்தோம். அப்பாதுரைதான் முதலில் நின்றார். ஈ.சி.ஆர். ரோட்டில் போய்க்கொண்டிருந்த ஆரோவில் வெள்ளைக்காரர்கள் இரண்டு பேர், ஏதோ புது யோகா என்று வண்டியை நிறுத்திவிட்டு எங்கள் வரிசையில் சேர்ந்துகொண்டார்கள்.