பின்சீட்டில் அம்மா

ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த டிரைவிங் டீச்சர், தன் மகளோடு காவல் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பதின்மூன்று வயது மகள் பேட்டரி ஸ்கூட்டரைத் தனியாக எடுத்துக்கொண்டு போய், தெருமுனையில் நடந்து வந்த தையல்காரர்மேல் மோதிவிட்டாள். மகளுக்கு முட்டியில் சிராய்ப்பு. அவருக்கு வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. கத்தரி பிடிக்கிற கை.

மகளை வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். மோதிய நாளிலிருந்து அந்த வால் சுருண்டு கிடந்தது. சாப்பிடு என்றால் சாப்பிட்டாள், படு என்றால் படுத்தாள். சொன்ன பேச்சைக் கேட்கிற வாலுவை அந்த வீடு அதுவரை பார்த்ததில்லை.

பதினாறு வயது ஆகாத பிள்ளை அந்த மாதிரி வண்டியைத் தொடக்கூடாது, தொட்டால் பெற்றவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும் என்று வகுப்பில் கரடியாய்க் கத்துகிறவள் டீச்சர். ஆனால் சொந்த வீட்டு வாசலுக்குள் சட்டம் நுழையாது என்று நினைப்பு. 'நான்தான் பின்னால் உட்கார்ந்திருக்கிறேனே!' என்று முதலில் காலி மைதானம், அப்புறம் வீட்டுத் தெரு, அப்புறம் கடைவீதி. எதிரில் ஆள் வந்தால் வண்டி பூப்போல நிற்கும். "டீச்சர் பொண்ணாச்சே, சும்மாவா!" என்று அக்கம்பக்கம் மெச்ச, அம்மாவுக்கும் மகளுக்கும் தலைகால் புரியவில்லை.

காலையில் கிளம்பும்போது கணவன் அவளைத் தனியாக அழைத்தான்.

"நாம வண்டியத் தொடவே விட்டதில்ல, தெரியாம சாவிய எடுத்துட்டுப் போயிட்டான்னு சொல்லிடு. சின்னப் புள்ள, அவளை என்ன பண்ணிடப் போறாங்க? உன் லைசென்ஸ் போச்சுன்னா டிரைவிங் ஸ்கூலையே இழுத்து மூடணும்."

அவளும் தலையாட்டிவிட்டுத்தான் வந்திருந்தாள். அன்றைக்கு வாலு கேட்காமல் சாவியை எடுத்தது உண்மைதானே. பாதி உண்மை கையில் இருந்தால் மீதிப் பொய் சுலபமாக வாயில் வரும்.

பெண் அதிகாரி இருவரையும் மேசைக்கு எதிரே உட்காரவைத்தார். அதட்டவில்லை.

"ஏன் பாப்பா, அவர் குறுக்க வந்தது உனக்குத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் பிரேக் புடிக்கல?"

"புடிச்சேன். எப்பவும் புடிக்கிற மாதிரிதான் புடிச்சேன். நிக்கல."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "வண்டிய எங்க மெக்கானிக் ஓட்டிப் பாத்துட்டார். ரெண்டு பிரேக்கும் நல்லா இருக்கு. தப்பு பண்ணினாக்கூடப் பரவால்ல. பொய் சொல்லாத."

"நெஜமாத்தான் புடிச்சேன்."

வாலு அழவில்லை. தன் இடது கையை விரித்து, அது வேறு யாருடையதோ என்பதுபோல் பார்த்தாள். அந்தக் கையைப் பார்த்ததும் டீச்சருக்குச் சுருக்கென்றது.

பயிற்சிக் காரில் அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. புதிதாய் வருகிறவர்கள் தாங்களே வண்டியை நிறுத்தியதாகப் பூரித்துப்போவார்கள். நிறுத்தியது டீச்சர் கால். கொஞ்சம் தேறியதும் ஒருநாள் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவாள். "இந்தா பாருங்க, என் ரெண்டு காலும் மேல இருக்கு. இனிமே உங்க பாடு!" அன்றுதான் எல்லாருக்கும் உண்மையில் வேர்க்கும், அன்றுதான் ஓட்டவும் வரும்.

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து பிரேக் பிடிக்கிற மகளின் இடது கைமேல் தன் கையை வைத்துக்கொள்வாள். எதிரில் எது வந்தாலும், வாலு யோசிக்குமுன் டீச்சரின் விரல்கள் தாமாக அழுத்திவிடும். இத்தனை வருஷத் தொழில் பழக்கம், அவளுக்கே தெரியாது. பிள்ளை அதைப் பாசம் என்று நினைத்திருக்கிறது. அந்தச் சம்மண நாள் வாலுவுக்கு மட்டும் வரவே இல்லை. ஊரான் பிள்ளைக்கெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தவள் தன் பிள்ளைக்குக் கோட்டைவிட்டிருந்தாள்.

"அவ பொய் சொல்லல, மேடம்," என்றாள்.

சொல்ல ஆரம்பித்தபின் நிறுத்த முடியவில்லை. மைதானம், தெரு, கடைவீதி, மகளின் கைமேல் இருந்த தன் கை, எல்லாவற்றையும் கொட்டினாள். "லேசாத் தொட்டாலே பிரேக் புடிச்சிக்கும்னு நெனச்சிருக்கா. அழுத்தினது எல்லாம் நான்தான்."

அதிகாரி அவளையே பார்த்தார். "நீங்க வாயத் தெறக்காம இருந்திருக்கலாம். இனிமே நீங்க யாருக்கும் கத்துக்குடுக்க முடியாது. தெரியும்ல?"

"தெரியும்."

அவர் எழுத ஆரம்பித்தார். டீச்சருக்கு ஸ்கூல் போனது போனதுதான். ஆனாலும் மனசு கொஞ்சம் லேசானது. மகளை யாரும் இனிப் பொய்க்காரி என்று சொல்லப்போவதில்லை. வாலுவின் முகத்தில் துளி வெளிச்சமாவது வந்திருக்கும் என்று ஆசையோடு திரும்பினாள்.

"கடைவீதியில, அந்தக் கூட்டத்துல நிறுத்தினது?" என்று கேட்டாள் வாலு.

"அம்மாதான், தங்கம்."

"மைதானத்துல? நாய் குறுக்க வந்தப்போ?"

"அதுவும் அம்மாதான்."

"அப்போ நான் ஒருநாள்கூட ஓட்டவே இல்லையா?"

அதிகாரியின் பேனா நின்றது.

"நான் பொய் சொல்றேன்னே அவங்க நெனச்சிட்டுப் போயிருந்தா நல்லா இருந்திருக்கும்மா," என்றாள் மகள்.