கெம்பையன் பிடித்து வைத்த இருக்கை

1

இந்தக் கதையில் வரும் எல்லோரையும் நான்தான் உருவாக்கினேன், ஒருவனைத் தவிர. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு நண்பன் ஒருவனின் திருமணத்துக்காகக் கொல்கத்தாவுக்கு விமான டிக்கெட் தேடிக்கொண்டிருந்தேன். முதலில் பார்த்தபோது ஐயாயிரத்து இருநூறு. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் ஆறாயிரத்து நூறு. தேடிய தடயத்தை அழித்துவிட்டுத் தேடச் சொன்னார்கள், தேடினேன். செவ்வாய்க்கிழமை மதியம் மலிவு என்றார்கள், அதுவரை காத்திருந்தேன். கடைசியில் திரையில் ஒரு வரி வந்தது: "இந்த விலையில் இன்னும் ஓர் இருக்கை மட்டுமே." மற்ற இருக்கைகளில் ஏற்கெனவே யாரோ உட்கார்ந்துகொண்டு என்னைத் திரும்பிப் பார்ப்பதுபோல் இருந்தது.

பொறுக்க முடியாமல் மைசூர் மண்டி மொஹல்லாவில் ஒரு டிராவல்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் மலிவு இருக்கைகளைப் பத்து, இருபது என்று மொத்தமாக முன்பே எடுத்து வைப்பவர். எடுக்கும்போது பயணி யாரென்று தெரியாது. ஆனால் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டால் கணினி ஏற்காது. அதனால் ஒரு பெயரைப் போட்டு வைப்பார். நிஜ ஆள் வந்ததும் அதை எடுத்துவிட்டு அந்த ஆளின் பெயரைப் போடுவார். பதினோரு வருடமாக அவர் போட்டு வைப்பது ஒரே பெயர்தான். கெம்பையன்.

"யாருங்க அது?" என்றேன்.

"யாரும் இல்ல. சும்னே ஒரு பேரு. ஆளு வர்ற வரைக்கும் எடத்தப் பிடிச்சு வச்சிருப்பான். வந்ததும் எழுந்து குடுத்துருவான். நல்லவன்."

அந்த "நல்லவன்" மட்டும் இல்லாதிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

2

முதல் தொடக்கம்: "ஐவி விமானத்தில் ஏறியபோது மழை பெய்து—"

(வேண்டாம். நான் படித்து மயங்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் எப்போதும் ஏதாவது பெய்துகொண்டிருக்கும். அன்று பெங்களூரில் நல்ல வெயில்.)

இரண்டாம் தொடக்கம்: "மரணம் என்பது ஒரு நீண்ட—"

(இதற்கு விளக்கம் தேவையில்லை.)

மூன்றாம் தொடக்கம்: ஐவி விலை இறங்கட்டும் என்று காத்திருந்தாள். இது நிற்கட்டும், ஏனென்றால் இது உண்மை.

ஐவிக்கு முப்பத்து மூன்று வயது. மைசூரில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. ஆசிரியர் அறையில் யாருக்கு எந்த ஊருக்கு டிக்கெட் வேண்டுமென்றாலும் ஐவியிடம்தான் வருவார்கள். எந்தக் கிழமை, எத்தனை நாள் முன்னால், எந்த ஊர் சுற்றிப் போனால் எவ்வளவு மிச்சம் என்று விரல் நுனியில் வைத்திருப்பாள். அவளுடைய தங்கை ஜெசிகா, லெஸ்லி என்பவனைக் கட்டிக்கொண்டு போர்ட் பிளேரில் இருக்கிறாள். லெஸ்லிக்குத் தீவுகளுக்கிடையே ஓடும் கப்பலில் வேலை. மாதத்தில் பாதி நாள் கடலில்தான்.

இரண்டு வருடத்துக்கு முன், ஜெசிகாவுக்கு ஏழாவது மாதம் நடந்தபோது, "அக்கா, ஒரு மாதிரி இருக்கு, வர முடியுமா?" என்று கேட்டாள். அன்று டிக்கெட் பதினான்காயிரம். செவ்வாய்க்கிழமை இறங்கும் என்று ஐவி நான்கு நாள் காத்திருந்தாள். இறங்கவும் செய்தது, இரண்டாயிரத்து முந்நூறு ரூபாய். அவள் போய்ச் சேர்ந்தபோது, வாங்கி வைத்திருந்த தொட்டிலை லெஸ்லி பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான். அந்தக் குழந்தைக்குப் பெயர் வைக்கவில்லை. ஜெசிகா இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

(பதினான்காயிரம் கொடுக்க முடியாதவளா ஐவி? முடியும். இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. இப்படி ஒருத்தி இருப்பாளா என்று இரண்டு நாள் எழுதாமல் வைத்திருந்தேன். பிறகு நானும் தண்ணீர் குடிக்க எழுந்து போனது நினைவுக்கு வந்தது.)

இப்போது ஜெசிகாவுக்கு மறுபடி மாதம் நிறைந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை அறுவைச் சிகிச்சை. லெஸ்லியின் கப்பல் ஞாயிறுதான் திரும்பும். வியாழக்கிழமைக்குள் ஐவி அங்கே இருந்தாக வேண்டும்.

3

நான் பார்த்த கடைக்காரரை அப்படியே போடக் கூடாது என்பதால் மகேந்திரன் என்று ஒருவரை உருவாக்கினேன். கடை மட்டும் அதே கடை. நகல் எடுக்கும் இயந்திரத்தின் மேல் ஒரு சின்ன விமான பொம்மை, அதற்கு ஒரு இறக்கை இல்லை.

"வியாழக்கிழமை நேர் ஃப்ளைட் மிஸ். ஆன்லைன்ல பதினாலாயிரத்து எண்ணூறு ஓடுது. எங்கிட்ட ரெண்டு சீட்டு இருக்கு, ஆறாயிரத்துத் தொள்ளாயிரம். ஹெப்பாள் கம்பெனிக்காரங்க டூருக்கு எடுத்தது, ரெண்டு பேரு கழண்டுக்கிட்டாங்க."

"யாரு பேர்ல இருக்கு?"

"கெம்பையன் ஏ, கெம்பையன் பி. ஏ-வை எழுப்பிட்டு உங்கள உக்கார வைக்கிறேன். ஜன்னல் சீட்டு."

"பி?"

"அவன் பாட்டுக்கு இருப்பான். யாரும் கேக்கலன்னா காலியாப் போகும். உங்களுக்குத்தான் லாபம், கைய நீட்டி உக்காரலாம்."

"பேரு மாத்த தனியா காசு கேப்பீங்களா?"

"நீங்க கணக்கு மிஸ்ஸா, வரி ஆபீஸரா? ஒண்ணும் பேடா, வேண்டாம், போங்க."

பாதி விலை. ஐவிக்குள் அந்தப் பழைய சந்தோஷம் துள்ளியது. உடனே தொட்டில் நினைவுக்கு வந்து அது அடங்கியது. என்ன விலையாக இருந்தாலும் எடுப்பது என்று முடிவு செய்துதான் வந்திருந்தாள். அது யாருக்குத் தெரியப்போகிறது?

மகேந்திரன் காகிதத்தை மிச்சம் பிடிப்பவர். ஏ-யும் பி-யும் ஒரே பதிவில் இருந்ததால் இரண்டு போர்டிங் பாஸும் சேர்ந்தே வந்தன. ஒரே தாளில் மேலும் கீழுமாக அடித்து, நான்காக மடித்து அவள் கையில் கொடுத்தார்.

4

விடியலில் மைசூரிலிருந்து பெங்களூர் விமான நிலையப் பேருந்து. பாதுகாப்புச் சோதனையில் மேலே இருந்த பெயரையும் ஐவியின் முகத்தையும் பார்த்து அனுப்பினார்கள். ஏறும் வாசலில் நீண்ட வரிசை. அங்கே இருந்த பையன் அவசரத்தில் தாளை வாங்கி மேலே இருந்த பார்கோடு கட்டத்தைக் கருவியில் காட்டினான். பீப். தாளைச் சற்று ஏற்றி, கீழே இருந்ததையும் காட்டினான். பீப்.

ஐவி அப்போது ஜெசிகாவுக்கு "ஏறிட்டேன்" என்று செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள். இரண்டு சத்தம் கேட்டது. அடுத்தவருக்கானது என்று நினைத்துக்கொண்டாள்.

5

14 ஏ ஜன்னலோரம், ஐவி. 14 பி காலி. 14 சி-யில் ரத்தினசாமி, போர்ட் பிளேரில் இரும்புக்கடை வைத்திருப்பவர். உட்கார்ந்ததும் கண்ணில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டுவிட்டார்.

விமானம் நகரவில்லை. பத்து நிமிடம், இருபது நிமிடம். அஷ்வினி என்று பெயர் குத்திய பணிப்பெண், கையில் எண்ணும் கருவியோடு பின்னாலிருந்து தலைகளை எண்ணிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு தலைக்கும் ஒரு டிக். முன்னால் போய் ஏதோ பேசிவிட்டு மறுபடி எண்ணினாள்.

"ஒண்ணு குறையுதாம்," என்றார் ரத்தினசாமி துணியை அவிழ்க்காமலே. "பட்டியல்ல நூத்தி அறுபத்தி நாலு, ஆளு நூத்தி அறுபத்தி மூணு. கண்டுபிடிக்காம கதவ மூட மாட்டான். போர்ட் பிளேர்ல மதியத்துக்கு மேல காத்து மாறிடும், எறங்க முடியாது. லேட்டானா இன்னிக்கு இல்லம்மா, நாளைக்குத்தான்."

நாளைக்குத்தான். ஐவியின் காது இப்போதே அடைத்துக்கொண்டது.

அஷ்வினி பதினான்காவது வரிசையில் நின்றாள். "மேடம், இந்த சீட்டுல மிஸ்டர் கெம்பையன் இருக்கணும். உங்க பதிவுலதான் இருக்காரு. எங்க அவரு?"

(இருவரும் கன்னடத்தில்தான் பேசினார்கள். மைசூர்த் தமிழர்களைப் பற்றி எழுதும்போது இந்தத் தொல்லை உண்டு.)

உண்மையைச் சொல்லலாம். அப்படி ஒரு ஆள் இல்லை, கடைக்காரர் போட்டு வைத்த பெயர், தவறி இரண்டு முறை காட்டிவிட்டார்கள். சொன்னால் அதிகாரி வருவார், அவளை இறக்குவார்கள், பைகளை இறக்கிப் பார்ப்பார்கள். ஒரு மணி நேரமோ இரண்டோ.

மூன்று வரைவுகளில் ஐவியை உண்மை சொல்ல வைத்தேன். மூன்றிலும் விமானம் கிளம்பவில்லை.

நான்காவதில் அவள் சொன்னாள்: "டாய்லெட் போயிருக்காரு."

அஷ்வினியின் கட்டைவிரல் ஒரு முறை அழுந்தியது. டிக்.

கதவு மூடப்பட்டது.

6

அதன்பின் நான் எழுத நினைத்தது இது: விமானம் மேலேறும்போது ஐவிக்குக் காது வலிக்கும். இஞ்சி மிட்டாய் ஒன்றை வாயில் போட்டு மென்று விழுங்குவாள். மேலிருந்து வரும் குளிர்க்காற்றைத் திருகி மூடப் பார்ப்பாள், அது மூடாது. பாதம் வீங்கிச் செருப்பு இறுகும். தொண்டை காயும். எல்லோருக்கும் நடப்பதுதான். பக்கத்து இருக்கை காலி என்பது மட்டும் ஒரு சௌகரியம்.

எழுதிப் பார்த்தபோது அவளால் முழங்கையை வைக்க முடியவில்லை. நடுவில் இருந்த கைப்பிடியில் இடமில்லை. காரணம் தெரியாமல் இரண்டு முறை வைத்துப் பார்த்து, கையை மடியில் வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கத் தோள் மட்டும் குளிரவில்லை. குனிந்து பார்த்தாள். 14 பி-யின் பெல்ட் பூட்டியிருந்தது. காலி இருக்கையில் இருப்பதுபோல் தளர்ந்து கிடக்கவில்லை.

அவள் மிட்டாய்ப் பொட்டலத்தை இருக்கைக்கு முன்னிருந்த பையில் செருகியிருந்தாள். பாதி வழியில் அதிலிருந்து தாள் பிரியும் சத்தம் கேட்டது. மெதுவாக, பக்கத்தில் இருப்பவருக்குத் தொந்தரவு ஆகக் கூடாது என்பதுபோல்.

"உங்க வீட்டுக்காரரைக் கொஞ்சம் காலை மடக்கிக்கச் சொல்லும்மா," என்றார் ரத்தினசாமி, கண்ணைக் கட்டியபடியே. "முழங்கால் இடிக்குது."

"அவர் என் வீட்டுக்காரர் இல்லீங்க."

"அப்ப யாரு?"

"கூட வர்றவரு," என்றாள்.

"சரி, இப்ப பரவால்ல. மடக்கிட்டாரு."

(ரத்தினசாமி பேசும் இந்தப் பகுதியை நான் எழுதியதாக எனக்கு நினைவில்லை. தூங்கி எழுந்து கோப்பைத் திறந்தபோது இருந்தது. அழித்துப் பார்த்தேன். அழித்தால் ஐவி போர்ட் பிளேரில் இறங்க மறுக்கிறாள், கதை அங்கேயே நிற்கிறது. திரும்பப் போட்டுவிட்டேன்.)

7

இறங்கியதும் ஐவி மகேந்திரனுக்கு போன் செய்தாள்.

"அவனை எப்படி எறக்கறது?"

மகேந்திரன் சிரிக்கவில்லை. அவர் சிரித்திருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

"எறக்க எல்லாம் முடியாது மிஸ். ஒரிஜினல் பேரு வந்தா அவனே எழுந்துருவான். பதினோரு வருஷத்துல ஒரு தடவ கூட தகராறு பண்ணினதில்ல."

"பேரு வரலன்னா?"

"அப்ப அது அவன் சீட்டுதானே."

வெள்ளிக்கிழமை காலை, அறுவை அரங்குக்குள் தள்ளிக்கொண்டு போகும் முன், ஜெசிகா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டிக்கெட் எவ்ளோக்கா?"

"ஆறாயிரத்துத் தொள்ளாயிரம்."

"பரவால்லியே. போன தடவைய விடக் கம்மி."

சக்கரப் படுக்கை நகர்ந்தபோது ஐவி கூடவே நடந்தாள். "என்ன பேருன்னு யோசிச்சீங்களாடி?"

"இல்லக்கா. முன்னாடியே யோசிக்கக் கூடாதுன்னு லெஸ்லி சொல்லிட்டாரு. போன தடவ யோசிச்சோம்."

கதவு மூடிக்கொண்டது.

8

முடிவு அ: எல்லாம் பிரமை. மிட்டாய்த் தாள் ஐவியே பிரித்தது. ரத்தினசாமி அரைத் தூக்கத்தில் உளறினார். குழந்தை நலம்.

(நியாயமான முடிவு. எனக்கு நம்பிக்கை இல்லை. தாளை நான்காக மடிக்கும் பழக்கம் ஐவிக்கு இல்லை. இது ஏன் முக்கியம் என்று கீழே வரும்.)

முடிவு ஆ: கதவு திறக்கிறது. மருத்துவர் வெளியே வந்து ஐவியிடம்—

(எழுத மாட்டேன்.)

முடிவு இ. இதுவரைக்கும்தான் என்னால் வர முடிந்தது:

வார்டில் ஜெசிகாவின் படுக்கை காலியாக இருக்கிறது. அதன் பக்கத்தில் குழந்தைக்கான சின்னத் தொட்டிலை முன்கூட்டியே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். ஐவி அருகில் உட்கார்ந்திருக்கிறாள். நர்ஸ் தலையை நீட்டி, "ஒருத்தர்தான் உள்ள இருக்கலாம். கூட வந்தவர வெளிய இருக்கச் சொல்லுங்க," என்றுவிட்டுப் போகிறார். வார்டில் ஐவியைத் தவிர யாரும் இல்லை.

தொட்டிலின் தலைமாட்டில் ஓர் அட்டை. "ஜெசிகாவின் குழந்தை" என்று எழுதி, அதன் கீழே பெயருக்கு ஒரு வரி காலியாக விட்டிருக்கிறது. உள்ளே விரித்த துணியின் நடுவில் ஒரு பள்ளம், யாரோ நெடுநேரம் உட்கார்ந்திருந்ததுபோல். பள்ளத்தில் ஓர் இஞ்சி மிட்டாய்த் தாள். நான்காக, மிக ஒழுங்காக மடித்தது.

அவன் குழந்தைக்காக இடம் பிடித்து வைத்திருக்கிறானா, இல்லை இடத்தை எடுத்துக்கொண்டானா? நல்லவன் என்றுதான் கடைக்காரர் சொன்னார். வந்ததும் எழுந்து கொடுத்துவிடுவான் என்றும் சொன்னார். அதற்கு ஒரு பெயர் வேண்டும், அவ்வளவுதான்.

ஐவியை எழுத வைத்தேன். பேனாவை எடுக்கிறாள், கை வரவில்லை. பெயர் வைக்கும் உரிமை அவளுக்கு இல்லை என்று நினைக்கிறாள். நான்கு நாள் காத்திருந்தவள் அவள்.

அப்புறம் நானே அந்த வரியில் பெயர்களை இட்டேன். ஆண் பெயர் மூன்று, பெண் பெயர் மூன்று, ஆறு கோப்புகளில். சேமித்து மூடினேன். காலையில் திறந்தால் ஆறிலும் ஒரே பெயர் இருந்தது. நான் அவனைக் கடையிலிருந்து கதைக்குக் கொண்டுவந்தவன். என் எழுத்துக்கு அவன் எழுந்திருக்க மாட்டான்போல.

நீங்கள் அப்படி இல்லை. இந்தக் குழந்தை விஷயத்தில் நீங்கள் காசு மிச்சம் பிடிக்கவில்லை, இங்கே வந்து சேர்வதற்கு எந்தப் பொய்யும் சொல்லவில்லை. தண்ணீர் குடிக்க எழுந்து போகாதீர்கள். அறுவை அரங்கின் கதவுக்கு மேல் எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கு இப்போதுதான் அணைந்தது. உள்ளிருந்து இன்னும் எந்தச் சத்தமும் வரவில்லை. பென்சில் வேண்டாம், பேனாவால் எழுதுங்கள்.

ஜெசிகாவின் குழந்தை
பெயர்: ..............................